மைனியின் கழுத்தில் இருந்தது அழுக்கில்லை

செய்தி வந்தபோது நான் மதுரையில், வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். முற்பகல் நேரம். அந்த நேரத்தில் அண்ணன் பாத்திரக் கடையில் இருப்பான். கடையிலிருந்து அவன் என்னை அழைப்பதில்லை. எடுத்ததும், "மதி, உலகு போயிட்டாட்டி" என்றான். யாரோ போனை வாங்கினார்கள். அம்மா.

"சீனி கொடுத்தேன்ட்டி. வாய் நிறையக் கொடுத்தேன். அவ விழுங்கவும் செய்தா. பொறவு ஏன்ட்டி போனா?"

பேருந்தில் வள்ளியூர்க்காரர் ஒருவர் பக்கத்து இருக்கையில் யாருடனோ போனில் நிலத் தகராறு பேசிக்கொண்டே வந்தார். அவர் குரலுக்கு அடியில் அம்மாவின் அந்தக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது. இன்றும் கேட்கிறது.

உலகம்மாள் என் அண்ணனின் மனைவி. எங்கள் பக்கத்தில் மைனி என்போம். விக்கிரமசிங்கபுரத்தில் நூல் ஆலைத் தொழிலாளி ஒருவரின் மூத்த மகள். ஆலையின் லைன் வீடுகளில் வளர்ந்தவர். ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தார். தினமும் பாளையங்கோட்டையிலிருந்து நாங்குநேரிக்குப் பேருந்தில் போய் வருவார். அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய சிரிப்பு நினைவிருக்கும்: முதலில் தோள் குலுங்கும், சத்தம் பிறகுதான் வரும். அறியாதவர்களுக்கு நான் என்ன சொல்வது? நாற்பதைத் தாண்டியதும் இறந்துபோனார். சாக விருப்பமே இல்லாமல் இறந்துபோனார். அதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. விதி, காலம், அவன் அழைத்துக்கொண்டான் என்றெல்லாம் வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். மைனி அப்படியெல்லாம் யாருடைய அழைப்புக்கும் எழுந்து போகிறவர் அல்லர். மகள் வேணி வளர்ந்து ஆளாகும்வரை இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் பாடுபட்டவர்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் நலுங்கு வைத்த பெண்களில் ஒருத்தி, மணப்பெண்ணின் கழுத்தைப் பார்த்து என் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். பின்கழுத்தில், காதுக்குக் கீழே இரண்டு பக்கமும், கறுப்பாக, வெல்வெட் துணியைத் தடவினாற்போன்ற தடிப்பு. அம்மாவுக்கு அது மனத்தில் தைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது மருமகளின் கழுத்தை அவளே பிடித்துக்கொள்வாள். பயத்தமாவு, கஸ்தூரி மஞ்சள், எலுமிச்சை மூடி, கடைசியில் பீர்க்கங்கூடு.

"ஏட்டி, படிச்ச பிள்ளைதானே. கழுத்தைத் தேய்ச்சுக் குளிக்கத் தெரியாதா? பாக்குதவ உன்னையா சொல்லுவா, என்னையல்லா சொல்லுவா."

"தேய்க்கத்தான் செய்யுதேன் அத்தை."

"தேய்ச்ச லட்சணந்தான் தெரியுதே."

தோல் சிவந்து எரியும். மைனி தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு என்னிடம் வந்து உட்காருவார். "உங்கம்மா தேய்ச்ச தேய்ப்புக்கு வெண்கலப் பானைன்னா இந்நேரம் முகம் பாத்துத் தலை சீவிருக்கலாம் மதி" என்பார். தோள் குலுங்கும், பிறகு சத்தம் வரும். நானும் சிரிப்பேன். ஆனால் அலுவலகத்துக்கும் விசேஷ வீடுகளுக்கும் அவர் கூந்தலைத் தாழப் பின்னி, கழுத்து மூடிய ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சங்கிலி போட்டுக் கறுத்துவிட்டது என்று ஒரு உறவுக்காரி சொன்னதும் சங்கிலியைக் கழற்றி வைத்தார். கறுப்பு போகவில்லை.

குழந்தை இல்லாமல் வருடங்கள் போயின. மாதவிலக்கு வந்தால் வரும், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் வராது. பாபநாசத்திலும் வானமாமலையிலும் வேண்டுதல்கள். தாடையில் இரண்டு மூன்று முடி முளைத்தது. அதைக் கண்ணாடி முன் நின்று பிடுங்குவதை அம்மா பார்த்துவிட்டு அதற்கும் ஏதோ சொன்னாள். இந்தக் கறுப்பு, இந்த முடி, வராத மாதவிலக்கு, சாப்பிட்டதும் அடித்துப் போட்டாற்போல் வரும் தூக்கம் எல்லாம் ஒரே சங்கதியின் வெவ்வேறு முகங்கள் என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. ஒன்றுக்குச் சோப்பு, ஒன்றுக்கு நேர்த்திக்கடன், ஒன்றுக்கு ஏச்சு என்று தனித்தனியாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒருவழியாக வேணி உண்டானாள். கர்ப்பத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. ஊசி போட்டார்கள். பிரசவம் முடிந்ததும் சர்க்கரை இறங்கிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று அனுப்பும்போது சொன்னார்கள். வீட்டில் எல்லோரும் அதைக் கேட்டோம். "பிள்ளையோட சேந்து வந்துச்சு, பிள்ளையோட சேந்து போயிட்டு" என்று அம்மா முடித்துவிட்டாள். பால் கொடுக்கிறவளுக்கு நெய்ச்சோறும், எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சிய சோறும் மைனியின் தட்டுக்கே வந்தன. சோற்றைக் கீழே கொட்டுவதில்லை எங்கள் வீட்டில். அது கடைசியாகச் சாப்பிடும் பெண்ணின் வயிற்றுக்குள் போகும்.

வேணி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, மைனிக்குக் காலில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் இருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு பெண் மருத்துவரிடம் போனார். அந்த மருத்துவர் காலைப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்தைப் பார்த்தார். கூந்தலை ஒதுக்கி, இரண்டு விரலால் தொட்டு, "இது எத்தனை வருசமா இருக்கு?" என்று கேட்டார். மைனி அழுதுவிட்டார். "மதி, அந்த இடத்தைத் தொட்டவங்க எல்லாம் தேய்க்கத்தான் தொட்டிருக்காங்க" என்று பின்னர் என்னிடம் சொன்னார்.

அந்தப் பொங்கல் விடுமுறைக்கு நான் வந்திருந்தேன். அடுக்களையில் மைனி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, ரத்தப் பரிசோதனையில் தெரியவந்த சர்க்கரை நோயை அம்மாவுக்கு விளக்கினார். மருத்துவர் சொன்னதைத் தன் ஊர்க் கணக்கில் மாற்றிச் சொன்னார்.

"அத்தை, எங்க ஊர் மில்லுல சங்கு ஊதுவாங்கல்லா?"

"ஊதுனா?"

"லைன் வீட்டுக்குப் புதுசா குடி வந்தப்ப, அந்தச் சத்தத்துக்கு எங்கம்மா நெஞ்சைப் பிடிச்சுட்டு எந்திரிப்பாளாம். ரெண்டு வருசம் போச்சு. பொறவு சங்கு பாட்டுக்கு ஊதும், நாங்க பாட்டுக்கு ஒறங்குவோம்."

"அதுக்கும் உன் சீக்குக்கும் என்னட்டி?"

"சொல்லுதேன். நாம தின்ன சோறு சீனியா மாறி ரத்தத்துல வருதுல்லா, அது பஞ்சுப் பொதி. அதை உள்ள கொண்டு போயி ஓட்டணும். இன்சுலின்னு ஒண்ணு சுரக்கு, அதான் சங்கு. சங்கு கேட்டதும் தசை எல்லாம் கதவைத் திறக்கணும். என் ஒடம்புல சங்கு ஊதுது, ஆளு எந்திரிக்க மாட்டேங்கான். பொதி வாசல்லயே கெடக்கு. உள்ள மிசினு பஞ்சில்லாம சும்மா நிக்கி. அதான் தின்னு முடிச்ச ஒடனே சோர்ந்து விழுதேன்."

"எந்திரிக்கலன்னா இன்னொரு தடவை ஊத வேண்டியதுதானே?"

"ஊதுதுல்லா! அதான் சீக்கே. கூடக் கூட ஊதுது. வருசக்கணக்கா ஊதியிருக்கு. அப்படி ஊதி ஊதி ஆளை எழுப்பினதால சீனி கணக்கு சரியாவே காட்டியிருக்கு. சத்தம் மட்டும் ஏறிட்டே இருந்திருக்கு. அந்தச் சத்தந்தான் அத்தை, இங்கன கறுப்பா வந்தது. மாசாமாசம் வர வேண்டியதையும் அதான் கெடுத்தது." வெண்டைக்காய்ப் பிசின் ஒட்டிய விரலைத் துடைத்துவிட்டுக் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "இப்ப சங்குக்கே மூச்சு வாங்குது. அதான் சீனி ஏறிட்டு."

அம்மா அந்தக் கழுத்தைப் பார்த்தாள். பிறகு, "அப்ப நான் தேய்ச்சது?" என்றாள்.

"நல்லாத்தான் தேய்ச்சீங்க. அழுக்கா இருந்திருந்தா போயிருக்கும்."

நான் பிற்பாடு நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். மைனி சொன்னதில் பெரிதாகத் திருத்த எதுவும் இல்லை. இன்சுலினுக்கு உடல் செவி கொடுக்காமல் போகும் இந்த நிலை, சர்க்கரை நோய் என்று பெயர் வாங்குவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ரத்தச் சர்க்கரை ஒழுங்காக இருக்கும்போதே ரத்தக் குழாய்கள் உள்ளுக்குள் கெடத் தொடங்கலாம். பரம்பரை ஒரு பங்கு. உட்கார்ந்தே இருப்பது, வயிற்றில் சேரும் கொழுப்பு, தூக்கக் குறைவு எல்லாம் இன்னொரு பங்கு. படித்து முடித்து மேசையில் தலை கவிழ்ந்திருந்தேன். கழுத்து எங்களுக்கு அவ்வளவு காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் அதை அழுக்கு என்று படித்தோம்.

மருத்துவர் சொன்னதில் மைனியைப் பிடித்துக்கொண்டது ஒரு விஷயம். தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்குக் காத்திராமலே சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும். "சங்கு இல்லாமலே திறக்குத பின்வாசல் ஒண்ணு இருக்கு மதி. நடந்தா திறக்கும். சாப்பிட்டுட்டு நடந்தா இன்னும் நல்லது." சோற்றைக் குறைத்தார், காயைக் கூட்டினார், மிஞ்சியதை உண்ண மறுத்தார். மாத்திரை தவறவிடவில்லை. ஆனால் நடை? காலையில் சமையலும் பேருந்தும். மாலையில் வந்ததும் மறுபடி சமையல். மிச்சம் இருந்தது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். சாப்பிட்ட கையோடு ஏனங்களைக் கழுவாமல் போட்டுவிட்டு ஒரு பெண் தெருவில் தனியாக நடப்பது எங்கள் தெருவில் இல்லாத வழக்கம். முதல் வாரமே யாரோ அண்ணனைக் கடையில் வந்து விசாரித்தார்கள்: "என்ன அண்ணாச்சி, வீட்ல ஏதும் பிரச்சினையா?"

மைனி துணை கேட்டார். அவர் எங்களிடம் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான். அண்ணன் கடையடைத்து வருவதற்குள் நேரமாகிவிடும். அம்மாவுக்கு முழங்கால் வலி. நான் மதுரையில். வேணிக்கு வீட்டுப்பாடம். ஆகவே மைனி மாடிக்கு ஏறினார். துணி காயும் கொடிகளுக்குக் கீழே குனிந்து குனிந்து, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடந்தார். அடுத்த வீட்டு அக்கா அங்கிருந்து குரல் கொடுப்பார்.

"ஏ உலகு, மச்சில எதைத் தேடுதே?"

"இடுப்பைத் தேடுதேன் அக்கா. பிள்ளை பெத்ததுல இருந்து காணல."

அதே பரிசோதனைகள், அதே மருத்துவர். எண்கள் பைய இறங்கின. மைனி எனக்குப் போனில் சொல்லும்போது பரீட்சையில் தேறிய குரல் இருக்கும். ஆனால் சில நாள், "நேரம் ஆயிட்டோன்னு பயமா இருக்கு மதி. முன்னாலயே ஒருத்தர் சொல்லியிருந்தா?" என்பார். நான் இல்லை, ஆகவில்லை என்பேன்.

ஒரு கந்த சஷ்டியின்போது மைனி மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்துவிட்டார். பகலில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறியது. முன்பே சொல்லி வைத்திருந்தார்: "எனக்கு வேர்த்து நடுங்கினா ஒடனே சீனி கொடுங்க, யோசிக்காதீங்க." அம்மா யோசிக்கவில்லை. சீனியைக் கரைத்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் மைனி நிமிர்ந்து உட்கார்ந்து, "விரதம் போச்சா?" என்று கேட்டாராம். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொன்னாள். தேய்த்துத் தேய்த்துத் துன்புறுத்தியவள் ஓர் உயிரைக் காப்பாற்றியிருந்தாள். அந்தப் பெருமை அவளுக்குத் தேவையாக இருந்தது. அன்றிலிருந்து ஜன்னல் மேடையில் ஒரு டப்பா, சாமி அலமாரியில் ஒன்று, மைனியின் அலுவலகப் பையில் ஒரு பொட்டலம், அம்மாவின் முந்தானை முடிச்சிலேயே கொஞ்சம் சீனி.

கடைசி நாள் காலை. வேணியைப் பள்ளி வாகனத்தில் ஏற்றிவிட்டு வந்த மைனி அடுக்களைச் சுவரில் சாய்ந்தார். வேர்வை. தாடை வலிக்கிறது, தோள் கனக்கிறது என்றார். நெஞ்சு வலி என்று சொல்லவே இல்லை. அம்மா ஓடிப்போய் டப்பாவை எடுத்தாள்.

"அத்தை, சாப்பிட்டேனே."

"பேசாத. விழுங்கு. இப்ப சரியாயிரும்."

காத்திருந்தாள். சரியாகவில்லை. மறுபடி கொடுத்தாள்.

"அத்தை, இது அது இல்ல."

"அன்னைக்கும் இப்படித்தான்ளா வேர்த்துச்சு. விழுங்கு, என் தங்கம்."

மைனி விழுங்கினார். மறுத்திருந்தால் அம்மா பயந்திருப்பாள், ஆட்டோவைக் கூப்பிட்டிருப்பாள். மாமியாரைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தாரோ, அம்மாதான் சரி என்று நம்பினாரோ. அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்துக் கத்திய பிறகுதான் ஆட்டோ வந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழையும்போது உயிர் இல்லை. மாரடைப்பு.

சர்க்கரை பல காலம் இருந்தவர்களுக்கு நரம்பின் உணர்வு மழுங்கிப்போய், மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலே வரக்கூடும். வெறும் வேர்வையாக, தாடை வலியாக, சோர்வாக வரும் என்று, நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கிருந்த மருத்துவர் சொன்னார். சீனி கொடுத்ததில் தவறில்லை என்று அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார். முன்னாலேயே வந்திருந்தால் என்று அண்ணன் கேட்டான். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. சீனி கொடுத்தது தவறில்லை. சரியாகாதபோது காத்திருந்ததுதான் என்று அந்த மௌனத்தை நான் புரிந்துகொண்டேன். அம்மாவும் புரிந்துகொண்டாள் என்பதுதான் தாங்க முடியாதது. ஒருமுறை காப்பாற்றிய பாடம்தான் அவள் கையைக் கட்டிப் போட்டது.

உடலைக் குளிப்பாட்டும்போது ஒரு பெரியம்மா மஞ்சளைக் குழைத்து மைனியின் கழுத்துக்குக் கொண்டு போனாள். "எவ்வளவு கறுத்துக் கெடக்கு, பாவம்" என்று தேய்க்கத் தொடங்கினாள். அதுவரை மூலையில் கிடந்த அம்மா எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்தாள். "தேய்க்காத. அது அழுக்கில்ல." தன் கையால் தண்ணீரை மட்டும் மெதுவாக ஊற்றினாள்.

வேணி இப்போது ஏழாம் வகுப்பு. அவள் கழுத்தின் பின்புறம் மங்கலாக ஒரு நிழல் விழுந்திருக்கிறது. அடுத்த மாதம் அவளை அந்த மருத்துவரிடம் அழைத்துப் போக இருக்கிறோம்.

துக்கத்துக்கு வந்தவர்கள் வடையும் காப்பியுமாக அவளை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் சாப்பிட்டு முடித்ததும் அம்மா என்னிடம், "ஏட்டி, பிள்ளையைக் கால்வாய்ப் பக்கம் நடத்திக் கூட்டிட்டு வா" என்றாள். சித்தி பதறினாள்.

"துக்க வீட்டுப் பொம்பளைய பதினாறு கழியாம வாசல் தாண்டலாமாக்கா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரா என் மருமவகூட நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அம்மாவே செருப்பை மாட்டினாள்.

மூவரும் போனோம். அம்மா ஒவ்வொரு மின்கம்பத்திலும் நின்று மூச்சு வாங்கினாள். கால்வாய்ப் பாலம் வந்ததும் வேணி கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டு வர மாட்டேன் என்றாள்.

"அம்மா நடந்தாங்கல்ல அத்தை? தினமும் நடந்தாங்கல்ல? பொறவு ஏன் செத்துப் போனாங்க?"

நான் படித்த எல்லாப் பக்கங்களும் என்னிடம் இருந்தன. தொடங்கியது பிந்தி, நாங்கள் யாரும் துணை போகவில்லை, உன் அம்மா ஓடிய ஓட்டத்துக்கு முன்னால் நோய் வெகுதூரம் போயிருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இதில் எந்த வாக்கியத்தைச் சொல்வது? அம்மாவைப் பார்த்தேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின.

வேணி சட்டென்று எழுந்தாள். எங்களைப் பார்க்காமல், கண்ணைப் புறங்கையால் துடைத்தபடி, தரையை உதைக்கிறாற்போல் நடந்தாள். எங்கள் மேல் கோபம், விட்டுப்போன தன் அம்மாவின் மேல் கோபம், உலகத்தின் மேல் கோபம். நடக்கட்டும். கால் தசைக்குக் காரணம் தெரிய வேண்டியதில்லை. கோபத்தில் நடந்தாலும் அது தன் வேலையைச் செய்யும்.

மைனி, உங்களுக்கு விடை கொடுக்கவென்று எழுத உட்கார்ந்தேன். விடை வாங்கிக்கொள்ள வேண்டியவள் நான்தான் போலிருக்கிறது. எழுதும்போதும் அந்தச் சாயங்காலம்தான் முன்னால் நிற்கிறது: அம்மா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "நான் இங்கன நிக்குதேன், நீ போட்டி, அவளைத் தனியா விடாத" என்கிறாள். பிள்ளை வெகுதூரம் போய்விட்டாள். நான் வருகிறேன், மைனி.